உள்தாழ்ப்பாள்

மார்ச் 3

நெட்டை,

எட்டு மாதம் கழித்து எழுதுகிறேன். இந்த முகவரியைத் தர உன் அம்மா மூன்று நாள் யோசித்தார். “யாருக்கும் குடுக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணு” என்றார். பண்ணினேன். என் சத்தியத்தை நம்ப இன்னும் ஒரு ஆள் மிச்சமிருப்பது எனக்கே புதுச் செய்தி.

காகிதத்தில் ஏன் எழுதுகிறேன் என்று உனக்குத் தெரியும். விளக்குக்காரனுக்கு ஜாமீன் கிடைக்கும் என்று பேச்சு அடிபட்டபோது உனக்கு ஒரு வரி அனுப்பினேன்: “வெளிய வந்தா நம்ம கதி என்ன?” என் சித்தி மகன் அதை என் ஃபோனிலிருந்து எடுத்து யாருக்கோ கொடுத்தான். “உண்மை வெளியே வந்தால்” என்று ஊரே அர்த்தம் பண்ணிக்கொண்டது. அன்றோடு ஃபோனை அலமாரியில் போட்டுவிட்டேன்.

தேன்குரலான் நம் வழக்கைப் பற்றிய வீடியோத் தொடரில் பதினான்காம் பாகம் போட்டிருக்கிறான். நீ பார்த்திருக்க மாட்டாய். நான் வேலை செய்யும் கடைக் கணினியில் எல்லாவற்றையும் பார்க்கிறேன். பார்த்துப் பார்த்து, எனக்கே எது நடந்தது, எது அவன் சொன்னது என்று குழம்புகிறது. அதனால் நடந்ததை இங்கே எழுதுகிறேன். தப்பிருந்தால் திருத்து.

ஞாயிற்றுக்கிழமை, பகல் பதினொன்று. கல்லூரி அரங்கத்தில் ஒத்திகை. நாம் ஐந்து பேர்: நீ, நான், தொப்பி, கவிஞன், சோடாபுட்டி. நாடக சார் சாவியைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். விளக்குக்காரன் மேலே விளக்குகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். பிறகு இறங்கி வந்தான், நம் நாடகத்துக் கிழவர் முகமூடியைப் போட்டுக்கொண்டு. பஞ்சுப் புருவம். சோடாபுட்டி கைதட்டினான், வேடிக்கை என்று நினைத்து. முதலில் செத்தது அவன்தான். அடுத்து கவிஞன். நீயும் நானும் உடுப்பு அறைக்குள் ஓடினோம். நீ உள்தாழ்ப்பாளைப் போட்டாய்.

இதுவரை சரியா?

இதற்கு அடுத்த வரியை நாம் இருவரும் காவல் நிலையத்தில் ஒரே மாதிரி சொன்னோம்: “தொப்பி அந்தக் கதவுகிட்ட வரவேயில்ல.” யாரும் தோண்டிக் கேட்கவில்லை. கத்தியோடு பிடிபட்டவன் இருக்கும்போது கதவைப் பற்றி யாருக்கென்ன? ஏன் செய்தான் என்று மட்டும் அவன் கடைசிவரை வாயைத் திறக்கவில்லை. அதுதான் நமக்கு வினையாகிப்போனது. காரணம் இல்லாத இடத்தில் எவன் வேண்டுமானாலும் கதை கட்டலாம்.

பதினான்காம் பாகத்தில் அந்தக் கதவின் படம் வந்திருக்கிறது. வழக்குக் கோப்பிலிருந்து எடுத்தது. வெளிப்பக்கம் முழுக்கக் கை அடையாளம். தேன்குரலான் மெதுவாகக் கேட்கிறான்: “வரவே இல்லாதவளின் கை கதவில் எப்படி?” இவன் கேட்ட நூறு கேள்வியில் தொண்ணூற்றொன்பது கேனத்தனம். நாம்தான் கொன்றோமாம், கவிஞனுக்காக அடித்துக்கொண்டோமாம், விளக்குக்காரன் அப்பாவியாம். ஆனால் இந்த ஒரு கேள்வி நிஜம், நெட்டை. இதற்கு என்னிடம் பதில் இருக்கிறது. உன்னிடமும் இருக்கிறது.

சொல்லிவிடலாமா?

ஊசி

---

மார்ச் 12

ஊசி,

தப்பில்லை. அப்படித்தான் நடந்தது.

கதவைப் பற்றி இனி எழுதாதே. உன் கடிதத்தைக் கிழித்துத் தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்கிவிட்டேன். நீயும் இதை அப்படியே செய்.

போன வருடம் உன்னைக் கேட்டுக்கொண்டேன், தொலைக்காட்சிக்குப் போகாதே என்று. “ஒரு தடவ நேர்ல பேசிட்டா எல்லாம் அடங்கிடும்” என்றாய். பேசினாய். நடுவில் பதற்றத்தில் சிரித்தாய். அந்தச் சிரிப்பை மட்டும் வெட்டி எடுத்து எத்தனை பேர் போட்டார்கள் என்று உனக்குத் தெரியும். அதற்கு மறுவாரம் என் அப்பாவின் வேலை போனது. நீ வந்து மன்னிப்புக் கேட்பாய் என்று பார்த்தேன். “நான் என்ன வேணும்னா சிரிச்சேன்?” என்று கேட்டாய். அதனால்தான் சொல்லாமல் கிளம்பினேன்.

நான் ஒரு மருத்துவமனையின் சலவைப் பிரிவில் இருக்கிறேன். தலைமுடியை ஒட்ட வெட்டிவிட்டேன். இங்கே எனக்குப் பெயர் ‘புதுசு’. மஞ்சள் பையில் வருகிற துணியைப் பிரித்து, உதறி, சலவை இயந்திரத்தின் பீப்பாயில் போட வேண்டும். ரத்தக் கறைக்குப் பச்சைத் தண்ணீர்தான். சுடுதண்ணீர் பட்டால் கறை அப்படியே பிடித்துக்கொள்ளும். முதல் நாள் மேற்பார்வையாளர் இதைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, “ரத்தத்தப் பாத்தா மயக்கம் வருமா?” என்று கேட்டார். வராது என்றேன்.

இஸ்திரி அக்கா என்று ஒருவர் இருக்கிறார். படுக்கை விரிப்புகளைச் சூட்டு உருளையில் விடுவது அவர் வேலை. ஒரு கால் சற்று இழுக்கும். எனக்கு அவர் வீட்டு மாடியறையில் இடம் கொடுத்திருக்கிறார். கடிதமும் அவர் பெயருக்குத்தான் வருகிறது. என்னிடம் இதுவரை ஒரு கேள்வி கேட்டதில்லை. கேள்வி கேட்காத ஒரு ஆளோடு சாப்பிட உட்காருவது எவ்வளவு நிம்மதி என்று உனக்குப் புரியாது.

சொல்லிவிடலாமா என்கிறாய். யாரிடம்? நாம் வாயைத் திறந்தால் முதல் பாதியைத்தான் கேட்பார்கள். “பொய் சொன்னோம்” என்பது வரைக்கும். அதற்கு மேல் அவர்களுக்குத் தேவைப்படாது.

நெட்டை

---

ஏப்ரல் 2

நெட்டை,

நாடக சாரைக் குத்திவிட்டார்கள்.

ஞாயிறு பட்டப்பகலில். செடிக்குத் தண்ணீர் ஊற்ற வாசலுக்கு வந்திருக்கிறார். கிழவர் முகமூடி போட்ட ஒருவன் படியேறி வந்து மூன்று இடத்தில் குத்திவிட்டு நடந்தே போயிருக்கிறான். ஓடக்கூட இல்லை. எதிர்வீட்டுப் பெண் ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறாள். “ஏதோ வீடியோ எடுக்கறாங்கன்னு நெனச்சேன்” என்றாளாம். அந்த முகமூடியைத்தான் இப்போது கடை கடையாய் விற்கிறார்களே. எங்கள் தெருப் பிள்ளைகளே போட்டுக்கொண்டு என் ஜன்னலைத் தட்டுகிறார்கள்.

சார் நான்கு நாள் கிடந்து இறந்துபோனார்.

பெண் காவல் ஆய்வாளர் ஒருவர் நான் வேலை செய்யும் ஜெராக்ஸ் கடைக்கு வந்து, ஞாயிறு எங்கே இருந்தேன் என்று கேட்டார். ஞாயிறும் கடை உண்டு. இரண்டு பேருடைய ஆய்வேட்டுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தேன், நாற்பது பேர் பார்த்தார்கள் என்றேன். எழுதிக்கொண்டார். நல்லவராகத்தான் தெரிந்தார். அன்று மாலையே தேன்குரலான் பதினைந்தாம் பாகம் போட்டுவிட்டான்: “சாவி கொடுத்த ஆசிரியர் பேசத் தயாராயிருந்தார். யார் அவர் வாயை அடைத்தது?” கீழே ஆயிரக்கணக்கில் கருத்துகள். ஒருவன் என் கடை முகவரியைப் போட்டிருக்கிறான். மறுநாள் ஒரு பெண் நகலெடுக்க வந்து, நான் காகிதத்தை அடுக்குவதை முழுக்கப் படம்பிடித்தாள். “கை நடுங்குதா பாரு” என்று கூட வந்தவளிடம் சொன்னாள். கை நடுங்கத்தான் செய்தது. படம்பிடித்தால் யாருக்கு நடுங்காது?

அப்போது தொப்பியின் அண்ணன்தான் வந்து அவர்களை வெளியே அனுப்பினார். அவரைப் பற்றி உனக்குச் சொல்லவில்லையே. லிஃப்ட் மெக்கானிக்காக இருக்கிறார். எங்கள் கட்டட லிஃப்டையும் அவர்தான் பார்க்கிறார். வரும்போதெல்லாம் கடையில் எட்டிப்பார்த்து, “சாப்பிட்டியாம்மா?” என்பார். தங்கையைப் பறிகொடுத்தவர் என்னைப் பார்த்து அப்படிக் கேட்கும்போது நான் காகிதக் கட்டைப் பிரிக்கக் குனிந்துகொள்வேன். எல்லோரும் கை கழுவிய பிறகும் விசாரிக்கிற ஒரே ஆள் அவர். அவரிடம்தான் நாம் பொய் சொல்லியிருக்கிறோம்.

இந்தத் தடவை வந்தபோது கதவுப் படத்தைப் பற்றிக் கேட்டார். கோபமாக இல்லை. “கேள்வி கேக்கறது தப்பில்லையேம்மா” என்றார். எங்கேயோ கேட்ட வார்த்தையாக இருந்தது. தேன்குரலான் ஒவ்வொரு பாகத்தையும் அப்படித்தான் முடிப்பான். ஊர் முழுக்க அதையே பேசும்போது இவர் வாயிலும் வருவதில் அதிசயமில்லை என்று விட்டுவிட்டேன்.

நான் இன்னும் பதில் சொல்லவில்லை. ஆனால் என்னால் முடியவில்லை, நெட்டை. நீ தூரத்தில் விரிப்பு மடித்துக்கொண்டு இருந்துவிடலாம். நான் அவர் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஊசி

---

ஏப்ரல் 9

ஊசி,

சார் இறந்ததை இங்கே ஒரு நோயாளியோடு வந்தவர் சொல்லிக்கொண்டிருந்தார். “அந்தப் பொண்ணுங்க வேலதான்” என்றார். நான் பக்கத்தில் நின்று தலையணை உறை மாட்டிக்கொண்டிருந்தேன்.

இரண்டு நாள் யோசித்தேன். நீ சொல்வது சரி. சொல்லத்தான் வேண்டும். சார் நமக்குச் சாவி கொடுத்ததைத் தவிர எதுவும் செய்யவில்லை.

ஆனால் என் பேச்சை இந்த ஒரு தடவையாவது கேள். இருவரும் சேர்ந்து சொல்வோம். முதலில் அந்த ஆய்வாளரிடம். எழுத்தில். அதற்குப் பிறகுதான் தொப்பியின் வீட்டாரிடம். 25ஆம் தேதி எனக்கு நான்கு நாள் விடுப்பு. வருகிறேன். அதுவரை யாரிடமும் வாயைத் திறக்காதே. நான் எங்கே இருக்கிறேன் என்று யாரிடமும் சொல்லாதே. தொப்பியின் அண்ணனிடமும்.

அவரைச் சந்தேகப்பட்டுச் சொல்லவில்லை. ஆனால் “கேள்வி கேக்கறது தப்பில்லையே” என்பவர்கள் பதிலுக்குக் காத்திருந்து நான் பார்த்ததில்லை.

கதவை நினைத்து நீ மட்டும் கஷ்டப்படுவதாக எண்ணாதே. தாழ்ப்பாள் போட்டது நான்.

நெட்டை

---

ஏப்ரல் 11

நெட்டை,

சொல்லிவிட்டேன்.

உன் பதில் வரட்டும் என்று காத்திருந்தேன், வரவில்லை. நேற்று மதியம் லிஃப்ட் பழுது பார்க்க வந்தார். வேலை முடித்து, கையில் கிரீஸோடு கடை வாசலில் நின்றார். கடையில் வேறு யாரும் இல்லை. “அண்ணா, ஒரு நிமிஷம் உக்காருங்க” என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். தொப்பி வந்தாள், தட்டினாள், நாங்கள் திறக்கவில்லை. பயத்தில் திறக்கவில்லை. பிறகு வெட்கத்தில் மறைத்துவிட்டோம். கொன்றது விளக்குக்காரன்தான், அதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை.

அவர் அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. கிரீஸைத் துணியால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். “அப்ப அவன் சொன்னது நெஜம்தான்” என்றார். “எவன்ணா?” என்றேன். துணியை மடித்துப் பையில் செருகிக்கொண்டு, “இன்னொரு பொண்ணு எங்க இருக்கா? அவ வாயாலயும் கேக்கணும். கேக்கறதுக்கு எனக்கு உரிமை இருக்குல்ல?” என்றார்.

இருக்கிறது என்று நினைத்தேன். ஊரையும் மருத்துவமனையையும் சொன்னேன். உன் அம்மாவிடம் செய்த சத்தியம் ஞாபகம் வந்தது. ஆனால் அவரைவிட அதிகமாக யாருக்கு அந்த உரிமை?

உன்னைப் பார்க்க வருவார். திடுக்கிடாதே. எனக்குச் சொன்ன பிறகு நெஞ்சு லேசானது. உனக்கும் ஆகும்.

ஊசி

---

மே 6

ஊசி,

இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோணும். பொறுத்துக்கொள்.

உன் கடிதம் 16ஆம் தேதி வந்தது. அவன் 15ஆம் தேதி வந்தான்.

காலை பதினொரு மணி. சலவைப் பிரிவில் பன்னிரண்டு பேர் இருந்தோம். கிழவர் முகமூடியோடு ஒருவன் பின்வாசல் வழியாக வந்தான். யாரும் ஓடவில்லை. அது வேடிக்கைப் பொருளாகிவிட்டதே. பீப்பாய்க்காரர் சிரித்தார். வாயிற்காவலாளி ஃபோனை எடுத்துப் படம்பிடித்தார். சோடாபுட்டி கைதட்டியது என் காதில் கேட்டது. நான் மட்டும் ஓடினேன். இஸ்திரி அக்கா என்னைப் பார்த்து ஒன்றும் புரியாமல் என் பின்னாலேயே வந்தார்.

துணிக்கிடங்குக்குள் போய்த் தாழ் போட்டேன். அக்காவின் கால் இழுக்குமே. அவர் பின்தங்கிவிட்டார். கதவைத் தட்டினார். “புதுசு, புதுசு” என்று.

திறந்தேன். நல்லவள் என்று நினைத்துவிடாதே. கை தானாகப் போனது. அக்காவின் சேலையைப் பிடித்து உள்ளே இழுத்தேன். இடுக்கில் கத்தி வந்தது. என் வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. சுண்டுவிரலும் அதற்கடுத்ததும். கதவுக்கு வெளியே நின்று அவன் கேட்டான்: “தட்டினாளா இல்லையா? அத மட்டும் சொல்லு.” குரல் தழுதழுத்தது. “தட்டினா” என்றேன். அதற்குள் பீப்பாய்க்காரர் தள்ளுவண்டியை அவன் முதுகில் மோதி விழவைத்தார். முகமூடி கழன்றபோதுதான் காவலாளிக்கு இது விளையாட்டில்லை என்று தெரிந்தது.

சாரைக் கொன்றதும் தான்தான் என்று தொப்பியின் அண்ணன் ஒத்துக்கொண்டிருக்கிறான். சார் வேண்டுமென்றே நம்மிடம் சாவி கொடுத்தார் என்று தேன்குரலானின் ஒன்பதாம் பாகத்தில் கேட்டானாம்.

நீ கேட்பதற்கு முன் சொல்கிறேன். நீ என்னைக் கொல்ல ஆள் அனுப்பவில்லை, தெரியும். உன் நெஞ்சை லேசாக்கிக்கொள்ள என் முகவரியைக் கொடுத்தாய். உனக்கு எப்போதும் உடனே லேசாக வேண்டும். தொலைக்காட்சிக்குப் போனதும் அதற்குத்தான்.

பதில் எழுதாதே.

நெட்டை

---

மே 20

நெட்டை,

எழுதாதே என்றாய். இந்த ஒரு தடவை எழுதிவிடுகிறேன். படிக்காமல் கூழாக்கினாலும் சரி.

மன்னிப்புக் கேட்டு எழுதவில்லை. கேட்க எனக்கு யோக்கியதை கிடையாது. நடந்ததைத் தெரிவிக்க எழுதுகிறேன்.

15ஆம் தேதிக்கு மறுநாளே ஆய்வாளரிடம் போனேன். கதவைப் பற்றி முழுவதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். உன்னையும் சேர்த்து எழுதவில்லை. என் பங்கை மட்டும். அவர் படித்துவிட்டு, “இத அன்னிக்கே சொல்லியிருந்தா யாரும் உன்ன ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டாங்களேம்மா. பயந்த பிள்ளைங்க கதவத் தொறக்கலன்னு எழுதிட்டுப் போயிருப்போம்” என்றார். அதைக் கேட்டுவிட்டுத்தான் நான் அழுதேன். சார் செத்தது, உன் விரல், எதுவும் நடக்காமல் அந்த ஒரு வரியே தடுத்திருக்கும்.

நீ சொன்னது போலவே ஆனது. முதல் பாதியைத்தான் கேட்டார்கள். “ஒப்புக்கொண்டாள்” என்று தலைப்புப் போட்டு என் படம். எதை ஒப்புக்கொண்டேன் என்று உள்ளே ஒரு வார்த்தை இல்லை. உங்கள் வாயிற்காவலாளி எடுத்த படமும் சுற்றுகிறது. இருபத்தொரு விநாடி. நீ அக்காவின் சேலையைப் பிடித்து இழுக்கும் இடம் மட்டும். “மொட்டைத்தலைக்காரி அடுத்த பலியை இழுக்கிறாள்” என்று எழுதியிருக்கிறார்கள். கத்தி வருவதற்கு முன்பே வெட்டிவிட்டார்கள். உன் விரல்கள் போனது நடிப்பு என்று ஒரு மருத்துவர் வேறு விளக்கம் கொடுக்கிறார். மருத்துவரா என்று யாருக்குத் தெரியும்? வெள்ளைக் கோட்டு போட்டிருந்தார்.

தொப்பியின் அண்ணன் படத்தைப் போட்டு, ‘கேள்வி கேட்டவன்’ என்று சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு திரிகிறார்கள்.

கடையிலிருந்து என்னை நிறுத்திவிட்டார்கள். வீட்டில் என் அண்ணன் என்னோடு பேசுவதில்லை. அண்ணிதான், “தட்டு போட்டிருக்கேன், வந்து சாப்பிடு” என்கிறாள். அது போதும்.

ஊசி

---

ஜூன் 14

ஊசி,

கூழாக்கவில்லை. படித்தேன்.

நானும் சாட்சி சொல்லிவிட்டேன். ஆய்வாளர் இங்கேயே வந்து எழுதிக்கொண்டார். உன் பங்கை மட்டும் நீ எழுதியது முட்டாள்தனம். என் பங்கைச் சேர்த்துச் சொன்னேன்.

சலவைப் பிரிவில் என்னைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். மூன்று விரலால் சின்ன விரிப்பை மடிக்க முடிகிறது. பெரிய விரிப்பு முடியவில்லை. இஸ்திரி அக்கா மறுமுனையைப் பிடிக்கிறார். நான் யாரென்று அவருக்கு இப்போது தெரியும். அவர் மகள் அந்த இருபத்தொரு விநாடியைக் காட்டி, “இவங்களயா வீட்ல வெச்சிருக்கீங்க?” என்று கேட்டாளாம். அக்கா, “அந்தச் சேல என்னோடதுடி. எனக்குத் தெரியாதா?” என்றாராம். மகள் நம்பவில்லை. படத்தில் அப்படித்தானே இருக்கிறது என்கிறாளாம். பெற்ற தாய் உயிரோடு முன்னால் நின்று சொல்கிறாள்.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். அதற்குத்தான் எழுத உட்கார்ந்தேன். அன்றைக்கு உடுப்பு அறையில் நான் கதவில் முதுகை வைத்து நின்றேன், ஞாபகமிருக்கிறதா? காதைப் பொத்திக்கொண்டிருந்தேன். தட்டுவது முதுகில் அதிர்ந்தது. ஆனால் தொப்பி என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. இத்தனை நாள் உன்னிடம் கேட்கவில்லை. கேட்டால் நீ சொல்லிவிடுவாய் என்று பயம்.

நீ தொப்பியின் அம்மாவைப் போய்ப் பார். நான் அவர் மகனைச் சிறைக்கு அனுப்பிய சாட்சி; என்னால் போக முடியாது. என்ன கேட்டாலும் சொல். சர்க்கரை தடவாதே. பிறகு எனக்கும் எழுது.

உன் மேல் கோபம் போகவில்லை. போகுமா என்றும் தெரியாது. எழுது.

நெட்டை

---

ஜூலை 8

நெட்டை,

போய்ப் பார்த்தேன்.

முதலில் மற்றதைச் சொல்லிவிடுகிறேன். விளக்குக்காரனின் மேல்முறையீடு போன வாரம் தள்ளுபடியானது. கதவைப் பற்றிச் சாட்சிகள் பொய் சொன்னார்கள் என்று அவன் வக்கீல் மூன்று நாள் வாதாடினார். கத்தியும் அவன் கைரேகையும் மாறவில்லையே என்று நீதிபதி கேட்டார். நம் இருவரைப் பற்றித் தீர்ப்பில் ஒரு பத்தி இருக்கிறது. நல்லவிதமாக இல்லை. ஆனால் அதில் உள்ளது உண்மை. தேன்குரலான் நீதிபதியைப் பற்றிப் புதிய தொடர் ஆரம்பித்துவிட்டான்.

தொப்பியின் வீட்டுக்குக் காலையில் போனேன். கதவு திறந்தே இருந்தது. அம்மா தரையில் உட்கார்ந்து, மகனின் கால்சட்டையிலிருந்து இடுப்புக் கயிற்றை உருவிக்கொண்டிருந்தார். சிறையில் கயிறு வைத்த உடுப்பை உள்ளே விடமாட்டார்களாம். கயிறு இருந்த இடத்தில் எலாஸ்டிக் வைத்துத் தைக்க வேண்டும். என்னைப் பார்த்ததும் எழுந்துகொள்ளவில்லை. போகச் சொல்லவும் இல்லை. நானாகத் தரையில் உட்கார்ந்தேன்.

ரொம்ப நேரம் தைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, “எவ்வளவு நேரம் தட்டுனா?” என்றார்.

“ரெண்டு நிமிஷம் இருக்கும்மா. கூடவும் இருக்கலாம்.”

“அவன் பக்கத்துல வந்துட்டானா?”

இங்கேதான் சர்க்கரை தடவத் தோன்றியது. ஆமாம், வந்துவிட்டான், திறந்திருந்தால் எல்லோரும் செத்திருப்போம் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. நீ எழுதியது ஞாபகம் வந்தது.

“இல்லம்மா. அவன் மேடையிலதான் இருந்தான். அவளே சொன்னா. ‘அவன் இன்னும் மேடையிலதான் இருக்கான், நேரம் இருக்கு, தொறங்க’ன்னு.”

தையல் நின்றது. பிறகு மறுபடி தைக்கத் தொடங்கினார்.

நீயும் கேட்டாய், நெட்டை. இதுதான். நேரம் இருந்தது. என் கை தாழ்ப்பாளின் மேல்தான் இருந்தது. நீ முதுகை வைத்து நின்றாய், நான் உன்னைத் தள்ளியிருக்கலாம். தள்ளவில்லை.

“வேற என்ன சொன்னா?”

“எங்க ரெண்டு பேர் பேரையும் மாத்தி மாத்திக் கூப்பிட்டா. வெளையாடாதீங்கன்னா. அப்புறம் திட்டினா.”

“என்னன்னு திட்டினா?”

“சனியனுங்களான்னு.”

அவர் முகத்தில் ஏதோ ஓடியது. சிரிப்பு மாதிரிதான் இருந்தது. “அவ அப்படித்தான் திட்டுவா” என்றார். நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் கேட்டார்: “அம்மான்னு கூப்பிட்டாளா?”

எல்லாத் தாயும் கேட்க விரும்புவது இதைத்தான் என்று எனக்குத் தெரியும். கூப்பிட்டாள் என்று சொல்வதால் யாருக்கு என்ன நஷ்டம்? நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

“இல்லம்மா. கூப்பிடல.”

கால்சட்டையை மடியில் போட்டுவிட்டு, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. நான் தொடலாமா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“ரெண்டு வருஷமா அவ என்னக் கூப்பிட்டுக்கிட்டே இருந்த மாதிரியும், நான் இங்க உக்காந்து துணி தச்சிக்கிட்டு இருந்த மாதிரியும் தோணிக்கிட்டே இருந்துச்சு. என் புள்ளைக்கும் அதான். ‘கூப்பிட்டிருப்பாம்மா, நாம போகல’ம்பான். அத நெனச்சு நெனச்சுத்தான் அவன் அந்த வீடியோவுல போய் விழுந்தான்.” மூச்சு வாங்கினார். “என்னக் கூப்பிடல. உங்களத்தான் கூப்பிட்டிருக்கா.”

“ஆமாம்மா.”

“சரி.”

கால்சட்டையை உதறி மடித்துப் பைக்குள் வைத்தார். சோப்பு, பல்துலக்கி, இரண்டு உள்ளாடை. மூன்று மணிக்குள் சிறை வாசலில் இருக்க வேண்டும் என்றார். நான் எழுந்தேன். வாசல்வரை வந்தார்.

“இதையே அன்னிக்கு வந்து சொல்லியிருந்தா உங்க ரெண்டு பேரையும் அடிச்சிருப்பேன். அடிச்சிட்டு சோறு போட்டிருப்பேன். இப்ப ரெண்டும் முடியாது. இனிமே வராதம்மா.”

வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். அவரும் பையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தார். இரண்டு பேருக்கும் ஒரே பேருந்து நிறுத்தம்தான். அவர் நிழற்குடையின் ஒரு ஓரத்தில் நின்றார், நான் மறு ஓரத்தில். அவருடைய பேருந்து முதலில் வந்தது.

ஊசி